முசிறியில் டீக்கடை திறந்தாச்சு, குளித்தலையில் ஏன் இல்லை?

குளித்தலைக்காரன் (14 ஜூன் 2021): கொரோனா ஊரடங்கில் தளர்வு வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் முசிறியில் இன்று முதல் டீ. இந்தப் பக்கம் ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. நடுவில் காவிரி மட்டும்தானே! இது என்ன நியாயம்?

பதில் 1: கோவை, ஈரோடு, சேலம், தஞ்சை மாதிரி தொற்று குறையாததால் டீக்கடைக்கு இன்னும் அனுமதி இல்லாத 11 மாவட்டங்களில் குளித்தலை இருக்கும் கரூரும் ஒன்று. முசிறி இருக்கும் திருச்சி, தளர்வு கிடைத்த மற்ற 27-இல் வருகிறது. மாவட்ட எல்லைதான் கணக்கு, ஆறு இல்லை.

முசிறிவாசி: ரொம்பப் பொறாமைப்படாதீர்கள். உட்கார முடியாது, பார்சல்தான், மாலை 5 மணிக்குச் சாத்திவிடுவார்கள். தூக்குவாளி நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

குளித்தலைக்காரன்: சரிங்க, வாளியோடு பாலம் தாண்டினால் போலீஸ் விடுவாங்களா?

முசிறிவாசி: டீ குடிக்கப் போறேன்னு சொல்லிப் பாருங்கள். அப்புறம் வண்டியை ஸ்டேஷனில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.