வேற ராகம் வாசித்த ஞாயிறு

பதினோரு வருடமாக ஆலயத்தில் பைப் ஆர்கன் வாசிக்கிறேன். விரலைவிட மூச்சுதான் கஷ்டம் என்று ஆரம்பத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஆர்கன் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும், அதற்கு மூச்சு வாங்காது, பாடுகிற சபைக்கு வாங்கும். வரி முடிவில் கையைக் கொஞ்சம் எடுக்காமல் அடுத்த வரிக்குப் பாய்ந்தால் மூன்றாவது சரணத்துக்குள் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் பாடிக்கொண்டேதான் வாசிக்கிறேன்.

நான் உட்காருவது பின்பக்க மாடியில், ஆர்கனின் ஒலி வருகிற குழாய்களும் அங்கேதான். முன்வரிசை 30 மீட்டர் தள்ளி. ஒலி அங்கே போய் அவர்கள் குரல் திரும்பி வருவதற்குள் கிட்டத்தட்ட 0.2 நொடி ஓடிவிடும். அவர்கள் பின்தங்குகிறார்களே என்று நானும் காத்திருந்தால் பாட்டு ஜவ்வாக இழுக்கும், காதில் விழாத மாதிரி வாசித்துக்கொண்டு போக வேண்டும். இது பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது.

சரி, அந்த ஞாயிறுக்கு வருகிறேன். அன்றைக்கு 171-ஆம் பாட்டு. நான் விரித்து வைத்திருந்தது 117. தெம்பாக முன்னிசை வாசித்தேன், சபை எழுந்து பாடியது, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில்தான் காதில் விழுகிற வார்த்தை என் கண் முன்னால் இருக்கிற வார்த்தை இல்லையே என்று உறைத்தது, வயிறு கலங்கிவிட்டது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தால் போதகர் மாடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஆனால் அவரும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

நல்லவேளை, இரண்டு பாட்டும் 8.6.8.6 அளவு, அதாவது சரணத்தின் நாலு வரியில் முறையே 8, 6, 8, 6 அசை. வரிக்கு வரி அசைக் கணக்கு ஒன்றுதான் என்பதால் இதன் வார்த்தை அதன் ராகத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 8.7.8.7 பாட்டாக இருந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே ஓர் அசை அந்தரத்தில் தொங்கியிருக்கும். நடுவில் ராகத்தை மாற்றினால் அசிங்கம், எனவே ஐந்து சரணத்தையும் அப்படியே வாசித்து முடித்தேன்.

ஆராதனை முடிந்து இறங்கி வந்தால் வாசலில் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் புது ராகம் நல்லா இருக்குப்பா, இனிமே இதையே வாசி." போதகர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.