கதை சொல்லும் குரலுக்கு ஓர் உதவி வேண்டும்

வணக்கம். பாம்பன்காரி நான். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுதுகிறேன். உரையாடலில் எங்கள் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடுகிறது. கதை சொல்பவளின் மொழிதான் பிடிபடவில்லை. கொண்டல் என்று எழுதியதும், ‘கிழக்கிலிருந்து வீசும் காற்று’ என்று கை விளக்கப் போகிறது. பாசிக்காக மூழ்கும் பெண் மனசுக்குள் அப்படி விளக்கிக்கொள்வாளா? 1964 புயலை எங்கள் பாட்டி ஆண்டு வைத்துச் சொல்ல மாட்டார், ‘தனுஷ்கோடி அழிஞ்ச வருசம்’ என்பார். அந்தக் குரல்தான் எனக்கு வேண்டும்.

முழுக்கதையையும் வட்டார வழக்கில் எழுதியவர்கள் இருக்கிறீர்களா? வெளியூர் வாசகர்கள் எங்கே தடுமாறினார்கள்? அப்புறம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்தவர்கள் யாராவது முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து, காதுக்கு இடறும் இடங்களைக் குறித்துத் தர முடியுமா?