பொருள்: ‘மதிப்பிடு’ என்றால் பிள்ளைகள் புள்ளி கேட்கிறார்கள்

மாங்குளம், ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். நாலாம், அஞ்சாம் ஆண்டுப் பிள்ளைகளின்ர கணித முகாமுக்குச் செயலட்டை எழுதிறம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும். ஒரு சொல்லில மாட்டுப்பட்டு நிக்கிறன்.

விளையாட்டு இதுதான். ஒரு நிமிடத்தில எத்தனை தரம் கெந்துவாய் எண்டு முதல்ல வாயால சொல்லவேணும். பிறகு பத்துச் செக்கன் மட்டும் கெந்தி எண்ணிப்போட்டு, திரும்பவும் சொல்லவேணும். கடைசியாத்தான் முழு நிமிடமும் கெந்திறது. ஒரு பெடியன் முதல்ல 500 எண்டான். பத்துச் செக்கனில 18 வந்தது. மற்றதுகள் ஆறால பெருக்கி 108 எண்டு கத்த, அவன், “இல்லை ரீச்சர், போகப் போகக் கால் உளையும், 90 எண்டு எழுதுங்கோ” எண்டான். கெந்தி முடிய 93.

அந்த 500க்கும் 90க்கும் ஒரே பேர் வைக்க மனம் வரேல்லை. பாடநூலில ‘மதிப்பிடல்’ இருக்கு. ஆனா ‘மதிப்பிடு’ எண்டால் பிள்ளைகள் “எத்தனை புள்ளி?” எண்டு கேக்குதுகள். மதிப்பீடு, கணிப்பீடு ரெண்டையும் சோதனை எப்பவோ கொண்டுபோட்டுது.

வவுனியா, ஓய்வுபெற்ற அதிபர்:

முதலாவது ஊகம், இரண்டாவது மதிப்பீடு. இதில் என்ன சிக்கல்? சோதனை ஒரு சொல்லைக் கடன் வாங்கினால் நாம் சொந்தத்தை விட்டுக்கொடுப்பதா? மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் ‘அண்ணளவு’. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அளவை நெருங்கிச் செல்வது.

கிளிநொச்சி, பொறியியலாளர்:

ஐயா, அண்ணளவு வந்த விடைக்குப் பேர். ரீச்சர் கேக்கிறது செய்யிற வேலைக்கு. 3.14 எண்டதை ஒருத்தரும் கெந்திக் கண்டுபிடிக்கேல்லையே. என்னோட வேலை செய்யிற மேசன்மார் ‘எஸ்ரிமேற்’ எண்டுவினம், அதைப் போடச் சொல்லேல்லை. ‘உத்தேசம்’ போடலாம், ஊரில எல்லாருக்கும் விளங்கும்.

வவுனியா, அதிபர்:

வடசொல். அங்கே அதற்கு இந்தப் பொருளும் இல்லை.

கிளிநொச்சி, பொறியியலாளர்:

எங்களுக்கு நீங்கள் படிப்பிச்ச இரசாயனவியலும் பௌதிகவியலும் என்ன சொல் ஐயா? தமிழ்நாட்டில வேதியியல், இயற்பியல் எண்டு எப்பவோ மாறிப்போட்டினம்.

மல்லாவி, விவசாயப் போதனாசிரியர்:

சண்டைக்கு நடுவில ஒரு சொல். அறுவடைக்கு முன்னம் வரம்பில நிண்டு “ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும்?” எண்டு கமக்காரரைக் கேளுங்கோ. ஒரு கதிரை உருவுவார், உள்ளங்கையில ஊதுவார், பதரைக் கழிச்சு ஒரு எண் சொல்லுவார். அதை ‘மட்டுக்கட்டிறது’ எண்டுவம். இவர் பதருக்குக் கழிக்கிறார், அந்தப் பெடியன் கால் உளைவுக்குக் கழிச்சிருக்கிறான். இரணைமடுக் குளத்தில தண்ணி 36 அடி எண்டு அளவுகோல் காட்டினால் அது அளவு. குளக்கட்டில நிண்டு “சிறுபோகத்துக்கு இவ்வளவு வயலுக்குத்தான் காணும்” எண்டுறது மட்டு.

முள்ளியவளை, தமிழ்ப் பட்டதாரி:

நல்ல சொல் அண்ணை. ஆனா சங்க இலக்கியத்தில மட்டு எண்டால் கள்ளு, தேன். இதைப்பற்றி எனக்கொரு எண்ணம் கனகாலமா இருக்கு. பனையில கட்டிற முட்டியும் இந்த மட்டும் ஒரே வேராத்தான் இருக்கவேணும். முட்டி எவ்வளவு நிரம்பியிருக்கெண்டு கீழ நிண்டு சொன்னவன்தான் முதல் மட்டுக்கட்டினவன்! மட்டக்களப்பையும் இதோட சேர்த்துப் பாக்கலாம், அதைப் பிறகு தனியா எழுதிறன். இன்னொண்டு, தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்லேக்க கண்ணிமை, நொடி ரெண்டையுந்தான் சொன்னவர். உடம்பால நேரத்தை அளக்கிறது எங்களுக்குப் புதிசில்லை. ‘இமைக்கணக்கு’ எண்டு வைச்சால் என்ன?

மாங்குளம், ஆசிரியை:

தங்கச்சி, பிள்ளைகள் இமைச்சுக்கொண்டு நிக்கப்போகுதுகள். வெள்ளி அச்சு.

வவுனியா, அதிபர்:

கள்ளைக் குறிக்கும் சொல்லைச் சிறுவர் அட்டையிலா? போகட்டும். “இருட்டில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை” என்கிறோமே, அது அடையாளம் காண்பது. இரண்டு பொருள் தரும் சொல் கலைச்சொல் ஆகாது.

கிளிநொச்சி, பொறியியலாளர்:

‘மட்டந்தட்டல்’ ஆகியிருக்கே ஐயா! ஊரில அது ஆளைக் குறைச்சுக் கதைக்கிறது. பாடநூலில 47ஐ 50 ஆக்கிறது. ஒரு பிள்ளையும் குழம்பேல்லை.

மாங்குளம், ஆசிரியை:

நேற்று வகுப்பில சொல்லிப் பாத்தன். ‘மட்டுக்கட்டு’ எண்டதுக்கு ஒருத்தரும் புள்ளி கேக்கேல்லை. ரெண்டு பேர் மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு நிண்டவை, கண்கட்டி விளையாட்டெண்டு நினைச்சு. வயல்காரற்ற பிள்ளைகள் மற்றவைக்கு விளங்கப்படுத்தினதுகள். அட்டைத் தலைப்பில பாடநூல்ச் சொல் ‘மதிப்பிடல்’ இருக்கட்டும். உள்ளுக்குப் பிள்ளைக்குச் சொல்லிற இடமெல்லாம் முதல்ல ‘ஊகி’, பத்துச் செக்கனுக்குப் பிறகு ‘மட்டுக்கட்டு’. மூண்டு பேர் ஓமெண்டிட்டினம், ஐயா மட்டும் இல்லையெண்டுறார். நான் அனுப்பப்போறன்.

வவுனியா, அதிபர்:

என் மறுப்பைப் பதிந்துகொள்க. அதோடு, அட்டை முழுவதும் ‘செக்கன்’ என்றிருக்கிறது. ‘விநாடி’ என்று மாற்றிவிடுங்கள்.

கிளிநொச்சி, பொறியியலாளர்:

பழைய கணக்கில நாழிகை 24 நிமிடம். அதில அறுபதில ஒரு பங்கு விநாடி, அதாவது 24 செக்கன். பத்து விநாடி கெந்திறதெண்டால் நாலு நிமிடம் கெந்தவேணும், ஐயா.