இருட்டில்தான் தெரிந்தது: பேக்லைட் ட்ரைவர் ரிவ்யூ செய்த அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

2022 மார்ச் கடைசி. கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய கிழமை அது. மெழுகுதிரியையும் அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். ஜன்னல் திறந்துதான் கிடந்தது, ஆனால் கடல் பக்கமும் ஒரே இருட்டு. அந்த இருட்டில், மேசையில் கிடந்த டேப்லெட்டின் ஸ்கிரீன் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பட்டனை அழுத்தி அணைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். படம் போயிருந்தது, அதற்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் போகவில்லை.

கரண்ட் இருந்த நாளென்றால் இதைக் கண்டிருக்கவே மாட்டேன். அறையில் ஒரு பல்பு எரிந்தாலே போதும், அந்த வெளிச்சம் கண்ணில் படாது. சார்ஜ் ஏன் இப்படி இறங்குகிறது என்று அதுவரைக்கும் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த டேப்லெட்டில் ஓடியது நானே போட்ட லினக்ஸ். கரண்ட் வந்ததும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சோர்ஸில் அதன் பேக்லைட் ட்ரைவரை, அதாவது பேக்லைட்டை இயக்கும் புரோகிராமைத் திறந்தேன். சின்னக் கோப்பு. வெளிச்சத்தை மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் கெர்னல் அப்டேட் ஸ்டேட்டஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். இந்த ட்ரைவரில் அந்த ஃபங்ஷன், பயனர் கடைசியாக வைத்த பிரைட்னஸ் எண்ணை அப்படியே எடுத்து, பேக்லைட்டைக் கட்டுப்படுத்தும் சிப்பில் எழுதியது. ஸ்கிரீன் பிளாங்க் ஆகிவிட்டதா, பவரை நிறுத்தச் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. அதையெல்லாம் பார்த்து, அணைந்திருக்க வேண்டுமென்றால் 0 என்று திருப்பித் தருவதற்கு, பேக்லைட் கெட் பிரைட்னஸ் என்ற ஃபங்ஷன் 2020இலேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. இந்த ட்ரைவர் அதற்கு முந்தியது. நான் மாற்றியது ஒரே ஒரு வரி. அந்த வரி ஏன் வேண்டும் என்ற விளக்கத்தை எழுத இரண்டு இரவு போனது.

அதற்குப் பிறகு, கெர்னலில் சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் அனுப்பும் பேக்லைட் ட்ரைவர்களையும் வாசித்துக் கருத்துச் சொல்லத் தொடங்கினேன். லைட் எரிகிற வழியை எல்லோரும் நன்றாகச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். பிழை ஒளிந்திருப்பது அணைகிற வழியில். அதனால் நான் கோப்பைக் கீழேயிருந்து வாசிப்பேன். முதலில் ரிமூவ் (ட்ரைவரைக் கழற்றும்போது ஓடுவது), பிறகு சஸ்பெண்ட் (கருவி தூங்கப் போகும்போது ஓடுவது), ஷட்டவுன், கடைசியில்தான் ப்ரோப் (ட்ரைவர் தொடங்கும்போது ஓடுவது).

போன வருடம், இங்கே கொழும்பில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, தன்னுடைய முதல் ட்ரைவரை அனுப்ப முன்னம் ஒருக்கால் பார்த்துத் தரச் சொன்னார். காலி வீதியில் ஒரு தோசைக் கடையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அண்ணா, லைட் எரியுது, கூடுது, குறையுது. இனி என்ன இருக்கு பார்க்க?"

"கூட்டேக்க ஒழுங்காக் கூடுதா தங்கச்சி?"

கொஞ்சம் யோசித்தார். "ஆகக் குறைஞ்ச வெளிச்சத்தில மட்டும் ஒரு மாதிரித் துள்ளுது. பேனல்ல பிழை எண்டு நினைச்சன்."

அவருடைய சிப்பின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் கோப்பைத் திறந்தோம். அந்தச் சிப்பின் பிரைட்னஸ் 11 பிட், அதாவது 0 முதல் 2047 வரை. ஆனால் ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண் வைக்கும் இடம்) 8 பிட்தான் பிடிக்கும். ஆகவே மேல் 8 பிட்டுக்கு ஒரு ரெஜிஸ்டர், கீழ் 3 பிட்டுக்கு இன்னொன்று. மேல் ரெஜிஸ்டரை எழுதும் கணத்தில்தான் சிப் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்று ஒரு அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். தங்கச்சியின் புரோகிராம் கோடு மேல் பிட்களை முதலில் எழுதி, கீழ் பிட்களைப் பிறகு எழுதியது.

பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் 7 என்றால் மேலே 0, கீழே 7. அதை 8 ஆக்க வேண்டும், அதாவது மேலே 1, கீழே 0. கோடு முதலில் மேலே 1 எழுதுகிறது. சிப் அதைப் பழைய 7உடன் சேர்த்து 15 என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு எழுதும் 0 அடுத்த தடவை வரைக்கும் சும்மா கிடக்கிறது. அடுத்து 9 கேட்டால், காத்துக்கிடந்த அந்த 0 சேர்ந்து 8 வருகிறது. கூட்டிக்கொண்டு போகிறோம், வெளிச்சமோ 15க்குத் துள்ளி 8க்கு விழுகிறது. 2000க்குப் பக்கத்தில் 7 கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. 8க்குப் பக்கத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேனலில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு வரியை இடம் மாற்றினார், துள்ளல் நின்றது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்.

அப்புறம் ரிமூவுக்கு வந்தோம். பேக்லைட்டைக் கெர்னலில் பதிவு செய்ததை டெவ்எம் என்ற, தானாக விடுவிக்கும் வழியில் செய்திருந்தார், அதை விடுவிப்பது கெர்னலின் பொறுப்பு. ஆனால் சிப்புக்குப் பவர் தரும் ரெகுலேட்டரை ப்ரோப்பில் கையால் போட்டு, ரிமூவில் கையால் நிறுத்தியிருந்தார். கெர்னல் முதலில் ரிமூவை ஓட்டும், அது முடிந்த பிறகுதான் டெவ்எம் விஷயங்களைத் தலைகீழ் வரிசையில் கழற்றும். ஆகவே சிப்புக்குப் போகும் பவர் நின்ற பிறகும், வெளிச்சத்தை மாற்ற எண் எழுதும் பிரைட்னஸ் கோப்பு கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் யாராவது அதில் எழுதினால், பவர் இல்லாத சிப்புடன் ட்ரைவர் கதைக்கப் பார்க்கும். இதை அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த நேரத்தில ஆர் அண்ணா எழுதப் போயினம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லி எழும்பினோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

பிட் கணக்கை வாசித்ததும் எனக்கு நடந்ததையும் சொல்லத் தோன்றியது. என்னுடையது ஐ-டூ-சி (இரண்டு கம்பியில் சிப்புடன் கதைக்கும் இணைப்பு) சிப் இல்லை, சாதாரண பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வெளிச்சத்தை மாற்றும்) பேக்லைட். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய சின்ன பேனலைச் சிங்கிள் போர்ட் கம்ப்யூட்டரில் பூட்டி, டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன பூட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) 8 படி கொண்ட வெளிச்ச அட்டவணை எழுதினேன். டிஃபால்ட் படிக்கு 200 என்று போட்டேன். போர்டை ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் முழு வெளிச்சத்தில் கண் கூசியது. அந்த இடத்தில் போட வேண்டியது வெளிச்சத்தின் அளவு இல்லை, அட்டவணையில் அது எத்தனையாவது படி என்பது. 8 படியில் 200ஆவது இல்லாததால் கெர்னல் ஒரு எச்சரிக்கையை லாகில் எழுதிவிட்டு ஆகக் கூடிய படிக்குப் போய்விடுகிறது. லாகைப் பார்த்திருந்தால் 5 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ரிவ்யூவில் வந்த இன்னொரு கேள்விதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. அட்டவணையைக் கையால் எழுத வேண்டிய தேவை என்ன என்று கேட்டார்கள். எங்கள் கண் வெளிச்சத்தை நேர்கோட்டில் உணர்வதில்லை. பாதி வெளிச்சம் என்று கண்ணுக்குப் படுவது உண்மையில் முழு ஒளியில் 18 சதவீதம் போலத்தான். ஒளி, நிறத் தரங்களை வகுக்கும் சிஐஇ என்ற சர்வதேச அமைப்பின் சூத்திரத்தை வைத்து, அட்டவணை தராவிட்டால் கெர்னலே கண்ணுக்கு ஏற்ற படிகளைக் கணக்கிட்டுக்கொள்ளும். 2018இல் சேர்த்தார்கள். என் 8 படியையும் அழித்தேன். இப்போது ஸ்லைடரைத் தள்ளும்போது வெளிச்சம் கீழேயிருந்து மேலே வரைக்கும் ஒரே சீராக ஏறுகிறது. பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

தெஹிவளையிலிருந்து:

தோசைக் கடையில் இருந்த தங்கச்சி நான்தான். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் கோபமும் இருந்தது. ஓடுகிற ட்ரைவர், யாருமே செய்யாத ஒன்றுக்காக ஏன் மாற்ற வேண்டும் என்று. சரி, சொன்னதைச் செய்து பார்ப்போம் என்று இரண்டு டெர்மினலைத் திறந்தேன். ஒன்றில் பிரைட்னஸ் கோப்பில் ஓயாமல் எண் எழுதும் ஒரு லூப். மற்றதில் ட்ரைவரைக் கழற்றிப் பூட்டும் லூப். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் லாக் நிறைய ஐ-டூ-சி பிழைகள். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சிப்பில் எழுதுவது தோற்ற பிறகும், என் கோடு அந்தப் பிழையை மேலே திருப்பி அனுப்பாமல் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் புரோகிராம் ஒன்று ஓடினால் அதுவும் இப்படித்தான் ஓயாமல் எழுதும். யார் எழுதுவார் என்று நான் கேட்டதற்குப் பதில் அதுதான்.

ரெகுலேட்டரைப் போட்ட வரிக்கு அடுத்த வரியிலேயே, அதை நிறுத்தும் வேலையையும் டெவ்எம்மிடம் ஒப்படைத்தேன். இப்போது கழற்றும்போது பேக்லைட் பதிவு முதலில் போகிறது, பவர் அதற்குப் பிறகு. ரிமூவ் ஃபங்ஷனே தேவையில்லாமல் போனது. லூப் இரண்டையும் இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் லாக் சுத்தமாக இருந்தது.

கடைசியாக அண்ணாவின் டேப்லெட் கதை ஞாபகம் வந்தது. ஸ்கிரீனைப் பிளாங்க் செய்து, போர்டையும் பேனலையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமுக்குள் போனேன். லைட்டை அணைத்து, கதவின் கீழ் இடுக்கில் துவாயை வைத்து அடைத்தேன். கண் இருட்டுக்குப் பழகும் வரைக்கும் நின்றேன். பேனல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை, கையால் தடவித்தான் எடுத்தேன். அன்றிரவே திருத்திய ட்ரைவரை அனுப்பினேன்.