பூரீம் பண்டிகை: எஸ்தர் கதை நிஜமா?

ஞாயிறு வாசகன்:
யூதர்களின் பூரீம் பண்டிகைக்குக் காரணமான, வேதாகமத்தில் வரும் எஸ்தர் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எஸ்தரை வளர்த்த உறவினர் மொர்தெகாய் தன்னை வணங்கவில்லை என்ற கோபத்தில், பாரசீக ராஜாவின் மந்திரி ஆமான் யூத இனத்தையே அழிக்கச் சீட்டுப் போட்டு நாள் குறிக்கிறான், யூதப் பெண்ணான ராணி எஸ்தர் விருந்து வைத்தே அவனை மாட்டிவிடுகிறாள். இது நடந்த கதையா? கடவுள் பெயரே வரவில்லையே, அப்புறம் எப்படி விடுதலைப் பண்டிகை ஆனது?

பழையபாதை:
நேரடிச் சான்று கிடையாது. கதையில் வரும் ராஜா அகாஸ்வேரு என்பது கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்செஸ் என்பார்கள். கதை நடக்கும் அரண்மனை நகரமான சூசான் நிஜ ஊர்தான், இடிபாடுகள் இன்றைய ஈரானில் இருக்கின்றன. ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் செர்க்செஸின் மனைவி அமெஸ்ட்ரிஸ், எஸ்தர் இல்லை. பழைய வேதாகமச் சுருள்கள் கிடைத்த கும்ரான் குகைகளிலும் இந்தப் புத்தகத்தின் துண்டுகூடக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அரண்மனையை நன்றாகத் தெரிந்த யாரோ எழுதிய கதை.

மெழுகுவர்த்தி:
கடவுள் பெயர் இல்லாததுதான் இதன் அழகே, எல்லாம் தற்செயல்போலவே நடக்கும். 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள், ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை, பழைய நாளாகமத்தை, அதாவது அரசுக் குறிப்பேட்டை வாசிக்கச் சொல்கிறான், என்றோ தன் உயிரைக் காப்பாற்றிய மொர்தெகாய்க்கு ஒன்றுமே செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. அவனைத் தூக்கில் போட அனுமதி கேட்க வந்த ஆமானே, அவனைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் கூட்டிப்போக வேண்டியதாகிறது! சீட்டுப் போட்டுக் குறித்த நாள் தலைகீழானதால்தான் ‘பூர்’, அதாவது சீட்டு என்பதிலிருந்தே பண்டிகைக்குப் பெயர். (கத்தோலிக்க வேதாகமத்தில் கிரேக்கச் சேர்க்கைகள் உண்டு, அதில் எஸ்தரின் ஜெபம் வரும்.)

பண்டிகை யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 14-ம் தேதி, எருசலேமில் மட்டும் 15. ஜெப ஆலயத்தில் எஸ்தர் புத்தகச் சுருளை வாசிக்கும்போது ஆமான் பெயர் வந்தால் போதும், பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலைத் தரையில் உதைத்து ஒரே ரகளை. மாறுவேடம், கசகசா வைத்த முக்கோணப் பலகாரம், நண்பர்களுக்குத் தின்பண்டம், குறைந்தது 2 ஏழைகளுக்குத் தானம்.

ஞாயிறு வாசகன்:
நன்றி. ஆனால் 9-ம் அதிகாரத்தில் யூதர்கள் தங்கள் எதிரிகள் 75,000 பேரைக் கொன்றார்கள் என்கிறதே, அதையுமா கொண்டாடுகிறார்கள்?

பழையபாதை:
அந்த இடம் யூதர்களிலேயே பலருக்கு உறுத்தல்தான். கதைப்படி யூதர்களை அழிக்கச் சொல்லி ராஜாவின் முத்திரை போட்டு அனுப்பிய கட்டளையை ரத்து செய்ய முடியாது, அதனால் யூதர்கள் எதிர்த்துப் போராடலாம் என்று இரண்டாவது கட்டளை போகிறது. எதிரிகளின் சொத்தைக் கொள்ளையிட அனுமதி இருந்தும் அவர்கள் கை வைக்கவில்லை என்று அந்த அதிகாரம் 3 முறை சொல்கிறது, எழுதியவருக்கே இந்த உறுத்தல் இருந்திருக்கும் போல.