பங்காரம் தீவு: பூட்டுவதற்கு முன்பு போனவர்களும் மறுபடி திறந்த பிறகு போனவர்களும் எழுதுங்கள்

ஹேமலதா_கோவை

லட்சத்தீவில் இருக்கும் பங்காரத்துக்குப் போக, கொச்சியிலிருந்து அகத்தித் தீவுக்கு விமானம், அங்கிருந்து படகு என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் வீட்டுக்காரரும் முதலில் போனது 1997 ஜனவரியில். கொச்சியின் காசினோ குழுமம் (இப்போது சிஜிஹெச் எர்த்) நடத்திக்கொண்டிருந்த காலம். ஓலை வேய்ந்த குடில், வாசலில் கால் கழுவ ஒரு தொட்டி. டிவி இல்லை, ஏசி இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து பேசியதே அங்கேதான். 2011-ல் அந்த ரிசார்ட்டைப் பூட்டிவிட்டார்கள் என்று படித்தபோது எங்கள் வீட்டையே யாரோ பூட்டின மாதிரி இருந்தது.

போன பிப்ரவரியில் மறுபடி போனோம். இப்போது குஜராத் நிறுவனம் ஒன்று டென்ட் போட்டு நடத்துகிறது. டென்ட் என்றாலும் உள்ளே ஏசி, கட்டில், குளியலறை எல்லாம் இருக்கிறது. குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கிற பையன்கள் நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள்.

மனசில் நிற்பது வேறு. மூன்றாம் நாள் காலையில் தீவின் நடுவில் இருக்கும் அந்த உப்புக்குளம் பக்கம் தனியாக நடந்து போனேன். தாழம்புதருக்குள் ஒரு சிமெண்ட் தரை தெரிந்தது. பக்கத்தில் கால் கழுவும் தொட்டி, உள்ளே முழுக்க உதிர்ந்த தாழை ஓலை. எங்கள் குடில் அதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் குனிந்து ஓலையை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே பார்த்தேன். சங்கு சுமக்கிற நண்டு ஒன்று சுவரில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது.

தேங்காய் பறிக்க அகத்தியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசுவது மலையாளம் மாதிரியும் இல்லை, நம் பேச்சு மாதிரியும் இல்லை, ஆனால் புரிந்தது. "இப்போ இது யாருடையது காக்கா?" என்று கேட்டேன் (காக்கா என்றால் அங்கே அண்ணன்). தென்னையைத் தட்டிக் காட்டி, "மரம் எங்களோடது மோளே. மத்ததெல்லாம் வரும், போகும்" என்றார்.

ஊருக்கு வந்து நான்கு மாசம் ஆகிறது. அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

கடல்பைத்தியம்

ஹேமா அக்கா, ஒரு திருத்தம். பங்காரத்தில் முதலாளி யாரும் மாறவில்லை. நிலம் எப்போதும் லட்சத்தீவு நிர்வாகத்தின் கையில்தான். நடத்துகிறவர்கள்தான் மாறினார்கள். முதலில் காசினோ, குத்தகை வழக்கில் அது போன பிறகு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்', இப்போது தனியார் டென்ட். இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் குழப்பம்தான் வரும்.

நான் போனது 2024 மார்ச். பிரதமர் அந்த ஜனவரியில் அங்கே போய் ஸ்நார்க்கலிங் படம் போட்டாரே, அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கரையில் கால் வைத்தால் தண்ணீர் நீலமாக மின்னியது. ஒவ்வொரு அடிக்கும் மின்னியது. நாற்பது வயசில் தனியாக நின்று அழுதேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியர்களும் நுழைய முடியாது. அது கையில் வரும் முன் விமான டிக்கெட் எடுத்துவிட்டுப் பணத்தை இழக்காதீர்கள். நம்முடைய ஊர்க் காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், அதற்கே சில நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை போக நினைக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் அகத்தி–பங்காரம் படகை நம்ப முடியாது. அகத்தி ஓடுபாதை 1,200 மீட்டர்தான், பெரிய விமானம் இறங்காது, வருவது ஏடிஆர் என்கிற சின்ன விமானம்தான். பெட்டியைச் சின்னதாகக் கட்டுங்கள். பெங்களூரிலிருந்து இண்டிகோ 2024 மார்ச் கடைசியில் ஆரம்பித்தது, நான் திரும்பி வந்த பிறகு. கப்பலில் போகிறவர்கள் கொச்சியில் ஏறுவதற்கு முந்தின ராத்திரியே குமட்டல் மாத்திரையை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், துறைமுகம் பக்கம் போய்த் தேடாதீர்கள். ரொக்கம் கொண்டு போங்கள். அகத்தியில் வங்கி உண்டு, பங்காரத்தில் ஒன்றும் கிடையாது. காலுக்கு ரப்பர் செருப்பு போதாது, பவளக்கல் கிழித்துவிடும், கயிறு கட்டின ஷூ வேண்டும். கிழித்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போடுங்கள், பவளக் காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். மாசி (வேகவைத்துப் புகையிட்டுக் காயவைத்த சூரை மீன்) வாங்குவதானால் அகத்தியிலேயே வீடுகளில் கேட்டு வாங்குங்கள், அங்கே காய்கிற வாசமே வேறு.

இன்னொன்று. பூட்டிக் கிடந்து பாழாவதற்கு யாராவது வந்து நடத்துவது மேல். நானூறுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் கடல் தாண்டி இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?

மார்த்தாண்டம்_செல்வன்

தம்பி வேலை என்று சொன்னதால் எழுதுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போலப் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் அங்கே சமையல்கட்டில் இருந்தேன். 2003-லிருந்து பூட்டும் வரை. ஹேமலதா அம்மா போனது எனக்கு முன்னே. குடில் எண் ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள், எது எங்கே நின்றது என்று நான் சொல்லிவிடுவேன்.

அகத்திக்காரர்கள் காலையில் ஓடத்தில் மீன் கொண்டு வருவார்கள். சூரை, அதாவது டூனா. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த மீன், வலை கிடையாது. முதலில் லகூனில் (தீவைச் சுற்றிப் பவளத் திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலில்) சின்ன மீனை உயிரோடு பிடித்துப் படகின் அடியிலே தண்ணீரில் வைத்துக்கொண்டு போய், சூரைக் கூட்டம் கண்டதும் அதை வாரி எறிந்து, மூங்கில் தூண்டிலால் சுண்டிச் சுண்டித் தூக்குவார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மீனை வெட்டவும் மரியாதை வரும். எங்களுக்கு வருகிறவர் ஐம்பது வயசுக்காரர். பெயர் எழுத மாட்டேன். அவரை நாங்கள் மூப்பர் என்போம். எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னிடம் கெட்ட மீன் தந்ததில்லை. செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தராசில் போடுவார்.

பூட்டப் போகிறார்கள் என்று எங்களுக்கு மாசக்கணக்காகத் தெரியும். வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரும், வராது என்று தினம் பேச்சு. கடைசியில் விருந்தாளிகள் எல்லாரும் போன மறுநாள் சாமான் கணக்கு எடுத்தோம். தட்டு இத்தனை, குண்டான் இத்தனை என்று நான் சொல்ல ஒருத்தர் எழுதுகிறார். அப்போது மூப்பர் வந்து நின்றார். இரண்டு பெரிய சூரை, வாழையிலையில் சுற்றி. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுப்பு அணைந்து கிடக்கிறது, ஜெனரேட்டர் நின்றுவிட்டது, ஐஸ் பெட்டி கவிழ்த்து வைத்திருக்கிறது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். நான் காசு எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. செவுளைத் தூக்கிக் காட்டினார், எப்போதும் காட்டுகிற மாதிரி. பிறகு மீனைச் சமையல்கட்டு வாசலில் புன்னை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடத்துக்குப் போனார்.

அந்த மீனை நான்தான் வெட்டினேன். வெளியே விறகு மூட்டி, மிஞ்சின மிளகாய்த்தூளும் தேங்காயும் போட்டு, நாங்கள் ஒன்பது பேர் தின்றோம். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. பதினாலு வருஷம் ஆகிறது. மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

கடல்பைத்தியம் தம்பி, வேலை முக்கியம்தான். பூட்டினபோது வேலை போன அகத்திப் பையன்கள் எத்தனையோ பேர் எனக்குத் தெரிந்தவர்கள். இப்போது மறுபடி திறந்திருப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்த ஊர்க்காரன் கொண்டுவரும் மீன் அந்தச் சமையல்கட்டுக்குள் போகிறதா, இல்லை கொச்சியிலிருந்து பெட்டியில் வருகிறதா? போய் வந்தவர்கள் அதைச் சொல்லுங்கள்.

நிலா_தூத்துக்குடி

செல்வன் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நான் கடல் உயிரியல் படித்தவள். பங்காரத்துக்குப் போனது 2024 நவம்பரில், வேலையாக அல்ல, தோழி கல்யாணத்துக்கு முன்னால் நாலு பேராக. அந்த வருஷம் கடல் சூடேறியதில் லட்சத்தீவுப் பவளம் நிறமிழந்து வெளுத்துப் போயிருந்தது என்று தெரிந்துதான் தண்ணீரில் இறங்கினேன். தெரிந்திருந்தும் தாங்கவில்லை. கொம்புக் கொம்பாக நிற்க வேண்டியது முறிந்து பாசி மூடிக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு உருண்டைப் பவளம், ஆள் உயரம், உயிரோடு இருந்தது. அப்படி வளர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதன் மேலே ஒரு விருந்தாளி நின்றுகொண்டு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தண்ணீருக்கு மேலே வந்து கத்தினேன். "கல்லுதானே மேடம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கரையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இறங்கும் முன் இரண்டே நிமிஷம் சொல்லியிருந்தால் அவர் காலைத் தூக்கியிருப்பார்.

ஹேமா அக்கா 1997-ல் பார்த்தது, பெரிய வெளுப்புக்கு முந்தின பங்காரம். அந்த வெளுப்பு 1998-ல் ஒரு முறை வந்தது, பிறகு 2010-ல், 2016-ல், 2024-ல். அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றிலும் 24 வருஷம் தொடர்ந்து அளந்து பார்த்ததில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 37 சதவீதத்திலிருந்து 19-க்கு வந்துவிட்டது. அக்கா, நீங்கள் பார்த்ததை எங்கள் தலைமுறை பார்க்கப் போவதில்லை. உங்களிடம் அந்தக் காலத்துப் படம் ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கடல்பைத்தியம் அண்ணா, "பூட்டிக் கிடந்து பாழாவதற்கு" என்று எழுதினீர்கள். கட்டடம்தான் பாழானது. ஆள் இல்லாததால் தீவு பாழாகாது. பங்காரத்தில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மண்ணுக்கு அடியில் மழைநீர் மெல்லிய வில்லை மாதிரி உப்புநீரின் மேல் மிதக்கிறது, அவ்வளவுதான் நல்ல தண்ணீர். கூடுதலாக இறைத்தால் உப்பு ஏறும். கழிவை மண்ணில் விட்டால் அந்த வில்லைக்கும் லகூனுக்கும்தான் போகும், அதில் பாசிக்குத் தீனி, பவளத்துக்குச் சாவு. ஆகவே யார் நடத்துகிறார்கள் என்பதைவிட எத்தனை பேரைத் தங்க வைக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் தலைமையில் வல்லுநர் குழு அமைத்ததும் இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான். பக்கத்திலேயே பரலி ஒன்று என்று ஒரு குட்டித் தீவு இருந்தது. அரித்து அரித்து இப்போது அது இல்லை. நாம் பேசுவது அப்படிப்பட்ட மண்ணைப் பற்றி.

கடல்பைத்தியம்

நிலா, ஏற்றுக்கொள்கிறேன். பாழாவது என்ற சொல்லை யோசிக்காமல் போட்டுவிட்டேன். ஆனால் 2023 மே மாசம் ஜி20 அறிவியல் கூட்டத்தையே பங்காரத்தில் நடத்தினார்கள். இனி அந்தத் தீவை யாரும் சும்மா விடப் போவதில்லை. வருகிறவர்களைத் தடுக்க முடியாது என்றால் வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவதுதான் வழி. அந்த இரண்டு நிமிஷப் பேச்சைத் தமிழில் எழுதித் தாருங்கள். இனி போகிற நம் ஆட்களுக்கு நானே அனுப்புகிறேன்.

செல்வன் அண்ணா, மீன் பற்றிக் கேட்டீர்கள். நான் தங்கிய நாட்களில் தினமும் சூரைதான். எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஹேமலதா_கோவை

செல்வன் தம்பி, குடில் எண் ஞாபகமில்லை. கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் கடைசிக்கு முந்தினது. வாசலில் இரண்டு தென்னை, ஒன்று படுத்து எழுந்த மாதிரி வளைந்து நிற்கும். அதற்கு நடுவில்தான் ஊஞ்சல் படுக்கை கட்டியிருந்தார்கள்.

மூப்பரைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் 97 ஆல்பத்தை எடுத்து வந்தார். அதில் சமையல்கட்டு வாசல் ஒரு படத்தில் இருக்கிறது, ஓரத்தில் ஒரு மரம். புன்னையா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் செய்து போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_செல்வன்

அம்மா, வளைந்த தென்னை என்றால் தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்கிற குடிலுக்கும் அந்த உப்புக்குளத்துக்கும் தூரம் அதிகம். நீங்கள் பார்த்த தொட்டி உங்களுடையதாக இருக்காது. எங்கள் ஆட்கள் தங்கின வரிசையின் பின்பக்கம் ஒரு தொட்டி இருந்தது, அதுவாக இருக்கலாம். வேலை முடிந்து வந்து நாங்கள் கால் கழுவினது.

படத்தைப் போடுங்கள். அந்தப் புன்னை இப்போதும் நிற்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

ஹேமலதா_கோவை

சமையல்கட்டுப் பக்கம் நாங்கள் போகவில்லை தம்பி. தார்ப்பாய் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது.

ரயிலடி_முருகன்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் மனைவிக்கும் அனுமதி வந்துவிட்டது, மழை முடிந்து அக்டோபரில் போகிறோம். சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று செல்வன் அண்ணன் ஒரு காகிதத்தில் வரைந்து படம் எடுத்துப் போட்டால், போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மூப்பரைப் பற்றியும் அகத்திப் படகுத்துறையில் விசாரிக்கிறேன். பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அண்ணா.