புதுப்பிப்பு: முழு ஃபிலிம் சுருளுக்கான ஸ்கேனர் முடிவாகிவிட்டது

வெட்டாத 35 மி.மீ. நெகட்டிவ் சுருள்களை ஒரே ஓட்டத்தில் ஸ்கேன் செய்ய நிக்கான் கூல்ஸ்கேன் 5000 ஏற்றதா, பேக்கான் எஃப்135 பிளஸ் ஏற்றதா என்று முன்பு கேட்டிருந்தேன், பேக்கானையே வாங்கினேன். எஸ்ஏ-30 என்னும் சுருள் இணைப்பைப் பொருத்தினால் நிக்கான் 40 பிரேம்கள் வரை தானாக இழுத்து 4000 டிபிஐ (அங்குலத்துக்கு 4000 புள்ளிகள்) நுணுக்கத்தில் தரும் என்றாலும், அந்த இணைப்பு ஸ்கேனரைவிட அரிது, கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டுகிறது. பேக்கானோ, சுருளின் நுனியை வாயில் வைத்ததும் கரகரவென்று இழுத்துக்கொண்டு, சில நிமிடங்களில் முழுச் சுருளையும் 3000×2000 பிக்சல் படங்களாகத் திரையில் அடுக்கிவிடுகிறது. அதன் மென்பொருளுக்காகவே விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மடிக்கணினி ஒன்றைக் கட்டிக் காக்க வேண்டியிருப்பதுதான் தலைவலி. அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி வெள்ளி படிந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுபடாது என்பதால், அவற்றுக்கு அதை அணைத்துவிட்டு, புளோயரால் ஊதியே ஏற்றுகிறேன்.